வாத்தியார் கெட்டப்

ஆமா சார், நானேதான். இல்லைன்னு சொன்னா விடவா போறீங்க. தொப்பியப் போட்டு, மாஸ்க்கப் போட்டு, ஓரமாப் பாத்து உக்காந்தாலும் இந்தக் குரல் காட்டிக் குடுத்துருது. கண்டக்டர்கிட்ட மாட்டுத்தாவணி ஒண்ணுன்னு கேட்டேன், அவ்வளவுதான், நீங்க திரும்பிட்டீங்க. போட்டோ எடுக்கணுமா, எடுத்துக்கங்க. இன்னிக்கு மட்டும் சிரிக்கச் சொல்லாதீங்க. துட்டிக்கு, ஒரு சாவுக்குப் போயிட்டு வர்றேன்.

என் தம்பி. கூடப் பொறந்தவன். கேசவன்னு பேரு. எங்க வீட்ல நாங்க ரெண்டே பேருதான்.

நீங்க எதுக்கு சார் வருத்தப்படுறீங்க, உங்களுக்கு என்ன தெரியும். எனக்கே தெரியாதே. அதான் சார் சொல்ல வர்றேன். சொந்தத் தம்பி செத்ததை எனக்கு யாரும் சொல்லல. காரியமே முடிஞ்சு போச்சு. எங்க தெரு டெய்லர் சிதம்பரம், அவர்தான் போன் பண்ணி, "என்னப்பா குரு, தம்பி காரியத்துக்குக்கூட வர முடியாத அளவுக்கா சூட்டிங்?"னு கேட்டாரு. நான் மேக்கப்போட உக்காந்திருக்கேன். எந்தத் தம்பின்னு கேட்டேன். அப்படித்தான் வாயில வந்துச்சு. எனக்கு இருந்ததே ஒரு தம்பி.

நானா போகாம இருந்தேன்? சொல்லலியே. இந்திராணிக்கு, அதான் அவன் பொண்டாட்டிக்கு, என் நம்பர் தெரியும். அவன் மக வினோதினிக்குத் தெரியும். நாடே என்னை டிவியில பாக்குது, என் தம்பி குடும்பத்துக்கு மட்டும் நான் எங்க இருக்கேன்னு தெரியாதாம். நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?

நீங்க மதுரையில எதுக்கு சார், கண்ணாஸ்பத்திரிக்கா? சரி சரி. அப்ப நேரம் இருக்கு. பஸ்ஸு காரியாபட்டியில கொஞ்சம் நின்னுதான் போகும். சொல்றேன், கேளுங்க. யாராவது ஒருத்தர்கிட்டயாவது சொல்லணும்.

என் தம்பிக்குப் பேச்சு திக்கும் சார். சின்னப் பிள்ளையிலருந்தே. எல்லா எழுத்தும் இல்ல. க, ப, வ, இதுகதான் அவனுக்கு எமன். எங்கப்பா பாருங்க, அவனுக்குப் போயிக் கேசவன்னு பேரு வச்சிட்டாரு. உன் பேரு என்னன்னு யாராவது கேட்டா முதல் எழுத்துலயே நின்னுருவான். கழுத்து நரம்பெல்லாம் தெரியும். கண்ணு ரெண்டும் மேல போயிரும். நான்தான் பக்கத்துல நின்னு "கேசவன்"னு சொல்லுவேன். பாதி நாள் அவன் பேரை நான்தான் சொல்லியிருக்கேன்.

பள்ளிக்கூடத்துல பயலுக கிண்டல் பண்ணுவாங்க. நான் விடமாட்டேன். கிண்டல் பண்ண ஒருத்தன் பல்ல நான் உடைச்சதுல, எங்கப்பா மில்லு வேலைய விட்டுட்டு வந்து ஹெட்மாஸ்டர் முன்னாடி கையக் கட்டி நின்னாரு. என் தம்பிய ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்ல முடியாது சார், நான் இருக்கிற வரைக்கும்.

வீட்ல நான் பேசிக் காட்டுவேன். அது வேற. அண்ணன் தம்பிக்குள்ள. எங்கம்மா மட்டும் அடுப்படியிலருந்து கத்தும், "அவன மாதிரிப் பேசாதடா, ஒட்டிக்கும்"னு. ஒட்டல. ஆனா நல்லா வந்துச்சு. எங்கம்மாவே ஒரு தடவை அசந்து போயி, உள்ள இருந்து "என்னடா கேசவா?"ன்னு கேட்டுச்சு. நான்தான் பேசுனது.

அவனே அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சான். வார்த்தை தொண்டையில மாட்டுச்சுன்னா, வலது கை ரெண்டு விரலால தொடையில மெல்லத் தட்டுவான். டக், டக். அந்தத் தட்டுல வார்த்தை வெளிய வந்துரும். மேசைக்கு அடியில தட்டுவான், வேட்டி மடிப்புக்குள்ள தட்டுவான், யாருக்கும் தெரியாது. எங்கம்மாவுக்கே தெரியாது. என்கிட்ட மட்டும்தான் சொன்னான் அதை. சொல்லி, "யார்கிட்டயும் சொல்லாதண்ணே"ன்னான். நான் சொல்லல. ரொம்ப வருசத்துக்கு ஒருத்தர்கிட்டயும் வாயால சொன்னதில்ல.

அப்படித் தட்டித் தட்டியே பேசிப் படிச்சு வாத்தியாராயிட்டான். கணக்கு வாத்தியார். கணக்குன்னா பேச்சு கம்மி, போர்டுல எழுதிட்டாப் பாதி வேலை முடிஞ்சுதுன்னு அதை எடுத்தான். நல்ல பேரு சார் அவனுக்கு. கேசவன் சார் கிளாஸ்ல பயலுக மூச்சு விடமாட்டாங்கன்னு சொல்லுவாங்க. மெல்லப் பேசுவானா, காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

எனக்குப் படிப்பு ஏறல. அப்பா பாத்த மில்லுலயே நானும் சேந்தேன். ஒரு பொங்கலுக்கு மில்லுக் காலனியில விழா. பாட்டுக் கச்சேரிக்காரங்க வர லேட்டாயிருச்சு. கூட்டம் விசில் அடிக்குது. "டேய் குரு, நீதான் எதையாவது பேசிக்கிட்டே இருப்பியே, ஏறுடா"ன்னு மைக்கக் கையில குடுத்துட்டாங்க. நான் நடிகருங்க மாதிரிப் பேசுனேன். ஒருத்தரும் சிரிக்கல. நாய் குரைக்கிற மாதிரி, லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி, என்னென்னமோ பண்ணேன். செருப்பு விழாதது ஒண்ணுதான் பாக்கி. அந்த நேரத்துல என் கையி தானாத் தொடைக்குப் போச்சு சார். நானா கொண்டு போகல. டக், டக். "க… க… கணக்குல…" அவ்வளவுதான். காலனியே இடிஞ்சு விழுந்த மாதிரி ஒரு சிரிப்பு.

என் வாழ்க்கையில அது மாதிரி ஒரு சத்தம் கேட்டதில்ல. அதுக்கு முன்னாடி என்னை யாரு சார் திரும்பிப் பாத்தா? நூல் பஞ்சு தலையில ஒட்டியிருக்கிற ஒரு ஆளு, அவ்வளவுதான் நான்.

கேசவனும் கூட்டத்துல இருந்தான். முன் வரிசையில. அவனும் சிரிச்சான். நான் மேடையிலருந்து பாத்தேனே. சிரிச்சுச் சிரிச்சு, தலையக் கால் முட்டிக்கு நடுவுல கவுத்திக்கிட்டான். தோளு மட்டும் குலுங்குது. அப்படி ஒரு சிரிப்பு.

அப்புறம் ஊர் ஊராப் போனேன். கோயில் கொடை, கட்சிக் கூட்டம், காதுகுத்து. டிவியில காமெடிப் போட்டின்னு மதுரையில ஆள் எடுத்தாங்க. போனேன், எடுத்துட்டாங்க. அங்க ஒரு டைரக்டர் சொன்னாரு, "சும்மா திக்குனா பத்தாது குரு, ஆளு யாருன்னு தெரியணும். ஒரு கெட்டப் வேணும்." யோசிச்சேன். எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன்தானே. வாத்தியார் கெட்டப் போட்டேன். கட்டம் போட்ட சட்டை, பையில ரெண்டு பேனா, கக்கத்துல டஸ்டரு. சட்டை அவனோடதுதான், பொருத்தமா இருக்கும்னு ஊருலருந்து எடுத்துட்டு வந்தேன்.

தட்டுறது மட்டும் மாத்துனேன். அவன் ரெண்டு விரலால மெல்லத் தட்டுவான்ல, டிவிக்கு அது பத்தாது, தெரியாது. நான் ஒரு காலைத் தூக்கி உள்ளங்கையால தொடையில பளார்னு அடிப்பேன். "ப… ப… ப…" பளார். "பதில் சொல்லு." அவ்வளவுதான் சார். நீங்களும் பண்ணியிருப்பீங்க. வெக்கப்படாதீங்க, பண்ணாத ஆளு தமிழ்நாட்டுல யாரு. கல்யாண வீட்ல பண்ணாங்க, கிரிக்கெட்ல விக்கெட் விழுந்தாப் பண்ணாங்க. ரவுசு குருன்னு பேரு வந்தது அப்பத்தான். குருவையாங்கிற பேரு ரேசன் கார்டோட போச்சு.

ஒரு நாள் இந்திராணி போன் பண்ணுச்சு. அந்தப் பிள்ளை அதிகம் பேசாது.

"அத்தான், அந்த வாத்தியார மட்டும் விட்டுருங்க."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"இவரு கிளாசுக்குள்ள காலு வச்சதும் பயலுக மொத்தமாத் தொடையில அடிக்கிறாங்களாம். இவரு போர்டு பக்கம் திரும்புனா அடி, திரும்பிப் பாத்தா நிறுத்திர்றது. நேத்து சாக்பீஸை வச்சிட்டு வெளிய வந்துட்டாரு. இப்ப இவருக்குத் தட்டவும் பயமா இருக்கு. தட்டுனா சிரிக்கிறாங்க, தட்டலைன்னா பேச்சு வரல."

நான் பொறுமையாத்தான் சொன்னேன் சார். "இந்திராணி, நிகழ்ச்சியோட ஹைலைட்டே அதாம்மா. கொஞ்ச நாள்ல ஜனங்களே மறந்துருவாங்க. பயலுகள ரெண்டு சாத்து சாத்தச் சொல்லு, சரியாப் போகும்"னேன். நான் சின்ன வயசுல அப்படித்தானே பண்ணேன். அவனுக்குச் சாத்தத் தெரியல, அதுக்கு நான் என்ன செய்ய.

ஸ்கூல்ல நல்ல மனுசங்க சார். அவனைக் கிளாஸ்லருந்து எடுத்து லேப் சாமான், ஸ்டோர் ரூம் இதைப் பாத்துக்கிற வேலை குடுத்துட்டாங்க. வாயே திறக்க வேண்டாம். வாத்தியாரா இருக்கிறதவிட நிம்மதி. எனக்குத் தெரிஞ்சதும் சந்தோசமாத்தான் இருந்துச்சு, அப்பாடா, பிரச்சினை தீந்துதுன்னு.

டிவியிலருந்து சினிமா. சாலிகிராமத்துல ரூம் எடுத்தேன். படத்துக்குப் படம் அதே வாத்தியார்தான். வேற பண்ணட்டுமான்னு கேப்பேன். "அண்ணே, உங்களை வச்சா ஜனங்க அதைத்தான் எதிர்பாப்பாங்க"ம்பாங்க. பெரிய காமெடியனுக்குப் பக்கத்துல நின்னு அடி வாங்குற வேலை. நீங்க பாக்கிறப்ப சிரிப்பு வரும். அங்க நிஜமாவே அடிப்பாங்க சார். டப்பிங்ல சத்தம் சேத்துக்கலாமேன்னா, "இல்ல குரு, ரியாக்சன் நேச்சுரலா வரணும்"பாங்க. ஒரு படத்துல காது ஜவ்வு கிழிஞ்சு போச்சு. இந்தப் பக்கம் இன்னும் சரியாக் கேக்காது, அதான் உங்கள அந்தப் பக்கம் உக்காரச் சொன்னேன்.

அந்தப் படத்து சூட்டிங்குக்குத்தான் ஒரு நாள் கேசவன் வந்தான். சொல்லாம கொள்ளாம. அருப்புக்கோட்டையிலருந்து பஸ் ஏறி, எங்கெங்கயோ விசாரிச்சு, கையில ஒரு மஞ்சப் பையோட செட்டு வாசல்ல நிக்கிறான். விசாரிச்சுன்னா, அவன் வாயத் திறந்து வழி கேட்டு வந்திருக்கான் பாருங்க, அதுவே பெரிசு. எனக்குச் சந்தோசம் தாங்கல. கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி, டைரக்டர்கிட்ட, "சார், இவன்தான் ஒரிஜினல்"னேன்.

"ஒரிஜினலா? என்னய்யா சொல்ற?"

"என் தம்பி சார். இவனப் பாத்துத்தான் நான் எல்லாம் பண்றேன்."

டைரக்டர் சேரை விட்டு எந்திரிச்சுட்டாரு. லைட்மேன், மேக்கப்மேன் எல்லாம் வந்து நின்னுட்டாங்க. "சார், ஏதாவது பேசுங்க சார், கேப்போம்"ங்கிறாங்க. கேசவன் என்னையப் பாத்தான். அவங்களப் பாக்கல, என்னைய மட்டும்தான் பாத்தான். "சும்மா பேசுடா, நம்ம ஆளுங்கதான்"னேன். அவன் கையி தொடை வரைக்கும் போயி நின்னுருச்சு. "அண்ணே… வே… வே… வே…" அதுக்கு மேல வரல. ரொம்ப நேரம் வரல. யூனிட்டே கை தட்டுச்சு சார். என் தம்பிக்கு. சினிமாக்காரங்க அத்தனை பேரும் நின்னு கை தட்டுனாங்க. அது எத்தனை வாத்தியாருக்குக் கிடைக்கும்?

அதுக்குள்ள ஷாட் ரெடின்னு கூப்பிட்டுட்டாங்க. போயி அடி வாங்கிட்டு வந்து பாத்தா ஆளக் காணோம். மஞ்சப் பை மட்டும் சேர்ல இருந்துச்சு. உள்ள அம்மா குடுத்து விட்ட சீரணி மிட்டாய்.

என்னமோ வேணும்னு கேக்கத்தான் வந்திருப்பான் சார். வே, வேன்னானே. வேணும்தான். கேட்டிருந்தா செஞ்சிருப்பேன். என்ன வேணும்னு கடைசி வரைக்கும் சொல்லலியே.

காரியாபட்டி வந்துருச்சு. டீ சாப்பிடுறீங்களா? வேண்டாமா. நானும் இறங்கல. இறங்குனா கூடிருவாங்க.

அப்புறம் ஜனங்களுக்கு அலுத்துப் போச்சு. எனக்கு முன்னாடியே அலுத்துப் போச்சு, அது வேற. புதுசு புதுசாப் பசங்க வந்தாங்க. போன் வர்றது நின்னுச்சு. ரூம்ல தனியா உக்காந்து கண்ணாடியப் பாத்துத் தொடையில அடிச்சுப் பாப்பேன். எனக்கே சிரிப்பு வரல. அந்தச் சமயத்துலதான் எங்கம்மா தவறிப் போச்சு.

எங்க பக்கம் அம்மாவுக்கு இளைய பிள்ளதான் கொள்ளி வைக்கணும். கேசவன்தான் வச்சான். வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வரணும். அவன் வரல. அங்கயே நின்னான். அம்மான்னு ஒரு தடவை கூப்பிடணும்னு நினைச்சான் போல. வாயத் திறந்தான். அ அவனுக்குத் திக்கவே திக்காது சார். க, ப, வ மட்டும்தான். அன்னிக்கு அ திக்கிருச்சு. வாய் திறந்தபடி இருக்கு, சத்தமே இல்ல. கழுத்து நரம்பு புடைக்குது. கையி தொடைக்குப் போச்சு, தட்டுறான், தட்டுறான், ஈரத் துணியில சத்தம் சொத் சொத்னு கேக்குது, வார்த்தை வரல. கடைசியில ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டான். வாந்தி வர்றவன் பொத்துவான்ல, அப்படி. அந்தக் கையி இருந்த விதம், விரலு கன்னத்துல பதிஞ்ச விதம், இப்பவும் எனக்குக் கண்ணுல நிக்குது.

சுடுகாட்டுல நின்ன அத்தனை பேரும் அழுதாங்க. நான் அழல. நான் பாத்துக்கிட்டிருந்தேன்.

பாசம் இல்லாம இல்ல சார். நடிகன் அப்படித்தான். கண்ணு தானா வேலை பாக்கும்.

அடுத்த வருசம் ஒரு சின்னப் பையன், புது டைரக்டர், வந்தான். "அண்ணே, உங்களை யாரும் ஒழுங்காப் பயன்படுத்தல. என் படத்துல நீங்க அப்பா. சிரிப்பே கிடையாது"ன்னான். ஆஸ்பத்திரியில பிணவறை. மகளோட உடம்ப அடையாளம் காட்டணும். போலீஸ்காரன் பேரு கேக்குறான், இந்த அப்பன் மக பேரச் சொல்லணும். அதான் சீன். டைலாக் ஒரு பக்கம் எழுதியிருந்தான். நான் சொன்னேன், "தம்பி, டைலாக் வேண்டாம். கேமராவ மட்டும் ஓட விடு."

ஒரே டேக்தான். வாயத் திறந்தேன், சத்தம் இல்ல. தொடையில ரெண்டு விரலால தட்டுனேன், இந்தத் தடவை பளார்னு இல்ல, அவன் தட்டுற மாதிரியே மெல்ல. அப்புறம் ரெண்டு கையாலயும் வாயப் பொத்துனேன். அந்தப் பையனுக்குக் கட்னு சொல்ல வரல, அழுதுக்கிட்டிருக்கான். தியேட்டர்ல பொம்பளைங்க ஏங்கி ஏங்கி அழுதாங்க. என்னையப் பாத்துச் சிரிச்ச அதே ஜனங்க. பேப்பர்ல எழுதுனாங்க, இத்தனை நாள் இந்த நடிகன் எங்க ஒளிஞ்சிருந்தான்னு.

விருது குடுத்தாங்க. பெரிய விழா. மேடையில மைக்கக் கையில வாங்குனேன். நன்றி யாருக்குச் சொல்ல? மறைக்கிற ஆளா நான்? எல்லாத்தையும் சொன்னேன். "இந்த அழுகை என்னுது இல்ல, என் தம்பி கேசவனோடது"ன்னேன். அவன் ஊரு, ஸ்கூலு, தொடையில தட்டுற ரகசியம், சுடுகாட்டுல அம்மான்னு சொல்ல வராம வாயப் பொத்திக்கிட்டது, எல்லாம் சொன்னேன். மேடையில நின்னு செஞ்சும் காட்டுனேன். அரங்கமே எந்திரிச்சு நின்னுச்சு. டிவியில நேரடியாப் போச்சு சார். இதுக்கு மேல ஒரு அண்ணன் தம்பிக்கு என்ன மரியாதை செய்ய முடியும்? அவனால வாங்குன பேரு, அவன் பேரச் சொல்லி அவனுக்கே குடுத்துட்டேன். இத்தனை வருசம் அவன வச்சு சிரிக்க வச்சதுக்கும் அதுல சரியாப் போச்சுன்னு எனக்கு மனசுக்குள்ள ஒரு நிம்மதி.

விழா முடிஞ்சு கார்ல ஏறுனதும் அவனுக்குத்தான் முதல் போன். எடுத்தான்.

"டேய், பாத்தியா?"ன்னு கேட்டேன்.

மூச்சுச் சத்தம் கேக்குது. அப்புறம் தட்டுறது கேட்டுச்சு. டக், டக். டக், டக். நான் காத்திருந்தேன், மெல்ல வரட்டும்னு. போன வச்சுத் தொலைக்கிற ஆளு இல்ல நான், அவனுக்கு எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன். தட்டிக்கிட்டே இருந்தான். அப்புறம் அந்தச் சத்தமும் நின்னுருச்சு. போன் கட்டாகல, சத்தம்தான் நின்னுச்சு. நான்தான் கடைசியில கட் பண்ணேன், இன்னொரு கால் வந்துக்கிட்டே இருந்துச்சு, ரிப்போர்ட்டர்.

அதோட சரி. அதுக்கப்புறம் அவன் போன் எடுக்கல. யார்கிட்டயும் பேசுறதில்லைன்னு கேள்விப்பட்டேன். என் மேல கோவம்னா என்கிட்டப் பேசாம இருந்துட்டுப் போ. ஊரு உலகம் என்னடா பண்ணுச்சு? சின்னதுலருந்தே அவனுக்கு அழுத்தம் ஜாஸ்தி சார்.

எனக்கு அந்த விருதுக்கப்புறம் எல்லாம் அழுகைதான். மக ஓடிப் போன அப்பா, மகன் செத்த அப்பா. எல்லாத்துலயும் "அண்ணே, அந்த வாயப் பொத்துறது மட்டும் வேணும்ணே"ங்கிறாங்க. அதுவும் தேஞ்சு போச்சு. இப்ப சீரியல். பூந்தமல்லிப் பக்கம் ஒரு பங்களாவுல காலையில போனா சாயங்காலம் வரைக்கும். பெரிய குடும்பத்துத் தாத்தா நானு. உங்க வீட்ல பாக்கிறாங்களா? அப்படியா. நல்லது.

இன்னிக்குக் காலையில பஸ்ஸ விட்டு இறங்கி முதல்ல டெய்லர் சிதம்பரம் கடைக்குத்தான் போனேன். என்ன நோவுன்னே எனக்குத் தெரியாதே. அவர் துணி வெட்டிக்கிட்டே சொன்னாரு, முகத்தப் பாக்கல.

"வயித்துல கட்டி. ரொம்ப நாளா வலி இருந்திருக்கு. யார்கிட்டயும் சொல்லல."

"டாக்டர்கிட்டப் போக வேண்டியதுதானே?"

"ஒரு தடவை போனாப்ல. என்ன செய்யுதுன்னு நர்சு கேட்டிருக்கு. இவரு பேச வராம தட்டியிருக்காரு. பக்கத்துல உக்காந்திருந்த சின்னப் பிள்ள அதப் பாத்துட்டு, எந்திரிச்சு உன் வாத்தியார் மாதிரித் தொடையில அடிச்சுக் காட்டியிருக்கு. எல்லாரும் சிரிச்சிருக்காங்க. நர்சும் சிரிச்சிருச்சு போல. இவரு சீட்டத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டாரு. அதுக்கப்புறம் தூக்கிட்டுத்தான் போனாங்க."

அந்தப் பிள்ளைக்கு என்ன சார் வயசு இருக்கும்? நான் வாத்தியார விட்டு எத்தனையோ வருசமாச்சு. பழைய கிளிப்பெல்லாம் போன்ல ஓடிக்கிட்டே இருக்கு. அதை நான் போய் நிறுத்த முடியுமா? உடம்பு முடியலைன்னா ஒரு சீட்டுல எழுதிக் குடுக்க வேண்டியதுதானே. வாத்தியாருதானே அவன். எழுதத் தெரியாதா?

மாலை வாங்கிட்டு வீட்டுக்குப் போனேன். எங்கப்பா கட்டுன வீடு. நானும் பொறந்த வீடு. கதவு திறந்துதான் இருந்துச்சு. செருப்பக் கழட்டப் போறேன், வினோதினி வந்து வாசல்ல நின்னுக்கிட்டா. குறுக்க. உள்ள இந்திராணி சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கிறது தெரியுது. அது எந்திரிக்கல.

"பெரியப்பா, உள்ள வராதீங்க"ன்னா.

அவளுக்குத் திக்காது சார். தெளிவான பேச்சு. நான் சொன்னேன், "என் தம்பி படத்துக்கு ஒரு மாலை போட்டுட்டுப் போயிர்றேம்மா."

"இங்க குடுங்க, நான் போடுறேன்."

குடுத்தேன். வாங்கி ஒரு கையில வச்சிக்கிட்டா. எனக்குக் கோவம் வந்துச்சு. ஆனா துட்டி வீடு, சத்தம் போடக் கூடாது. "கடைசியா ஏதாவது பேசுனானா? என்னையப் பத்தி ஏதாவது?"ன்னு கேட்டேன். கேக்கக் கூடாதா? கூடப் பொறந்தவன் கேக்கக் கூடாதா?

அவ சொன்னா, "பேசுனாரு. என்கிட்டயும் அம்மாகிட்டயும் பேசுனாரு. திக்காமப் பேசுனாரு. என்ன பேசுனாருன்னு உங்ககிட்டச் சொல்ல மாட்டேன் பெரியப்பா. எப்படிப் பேசுனாருன்னும் சொல்ல மாட்டேன். சொன்னா அதையும் நீங்க எங்கயாவது செஞ்சிருவீங்க."

கதவச் சாத்திட்டா.

கேளுங்க சார். என் தம்பியோட கடைசிப் பேச்சு. வாழ்க்கை பூரா அவன் பேச்சக் காதுல வாங்கிச் சுமந்தவன் நான். இந்த உலகத்துல அவன் குரல் வேற யார்கிட்ட இருக்கு? என்கிட்டத்தான் இருக்கு. அது மட்டும் இல்லாமப் போச்சு. திக்காமப் பேசுனா அவன் எப்படிப் பேசியிருப்பான்? பஸ்ல ஏறுனதுலருந்து யோசிச்சிக்கிட்டு வர்றேன், வாய்க்குள்ளயே சொல்லிப் பாக்குறேன், வர மாட்டேங்குது.

பரவாயில்ல, விடுங்க. உங்களுக்கும் மனசு கஷ்டம்.

ஆனா ஒண்ணு சொல்லணும் சார். அந்தப் பொண்ணு அத்தனையும் சொன்னாளே, முகத்துல ஒண்ணுமே இல்ல. கண்ணுல தண்ணி இல்ல, குரல் ஏறல. நான் கவனிச்சேன், எல்லாம் கையில இருந்துச்சு. ஒரு கையில மாலை. இன்னொரு கை கதவு நிலையப் பிடிச்சிருந்துச்சு. அந்தக் கையோட கட்டை விரல் மட்டும் நிலை மரத்தைச் சுரண்டிக்கிட்டே இருக்கு. பெயிண்டு உதிருது. அவளுக்கே தெரியாது அது. மெல்ல, ஒரே இடத்துல, நிக்காம.

நாளைக்கு சீரியல்ல எனக்கு ஒரு சீன். மகன் வந்து நிப்பான், தாத்தா அவன வீட்டுக்குள்ள விடக் கூடாது. நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க, கத்துவாங்க, நெஞ்சுல அடிச்சுக்குவாங்க. கத்தவே கூடாது சார். இப்படித்தான் பண்ணணும். இந்த முன் சீட்டுக் கம்பியை நிலைன்னு வச்சுக்கங்க. நீங்கதான் மகன். அங்க நில்லுங்க, இல்ல, உக்காந்தே இருங்க, போதும். என்னையப் பாருங்க. முகத்தப் பாக்காதீங்க, விரல மட்டும் பாருங்க.

வருதா சார்?